நீண்ட தூர பைக் ராலியில் ரூட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராலியில் பின்தங்கியவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் மழை, பஞ்சர், தூக்கம், வயிற்றுக்கோளாறு என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். கொஞ்சம் கிளறிப் பாருங்கள், பாதிப் பேருக்கு வினை முந்தைய இரவே, மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த மேஜையிலேயே ஆரம்பித்திருக்கும். நானும் அந்த மேஜையில் உட்கார்ந்து கோட்டை விட்டவன்தான்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. இது யார் முதலில் வந்து சேருகிறார் என்று பார்க்கும் ரேஸ் அல்ல. எங்கே கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குள் எங்கே வந்து சேர வேண்டும் என்பது மட்டும்தான் நிர்ணயம். நடுவில் எங்கெங்கே போய் வந்தால் எத்தனை புள்ளி என்ற பட்டியல் ராலி புத்தகத்தில் இருக்கும். உங்களுக்குக் கொடுத்த கொடி தெரியும்படி அந்த இடத்தில் ஒரு படம் எடுத்தால் அந்தப் புள்ளி உங்களுக்கு. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் போவது எல்லாம் உங்கள் பாடு. 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய அயர்ன் பட் ராலிதான் இந்த வகையில் பெரியண்ணன்: 11 நாள், சுமார் 11,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 17,700 கிலோமீட்டர். 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று நடக்கிற சின்ன ராலிகளிலும் ஆட்டம் இதேதான், செய்கிற தவறுகளும் இதேதான்.

முதல் தவறு, புத்தகத்தைப் படித்து முடிக்காமல் மேப்பைத் திறப்பது. கை பரபரக்கும், தெரியும், பக்கத்து மேஜைக்காரர் ஏற்கெனவே லேப்டாப்பில் புள்ளிகளைக் குத்திக்கொண்டிருப்பார். ஆனால் புள்ளி தருகிற ஒவ்வொரு இடத்துக்கும், அதாவது போனஸ் இடத்துக்கும், கீழே இரண்டு வரி நிபந்தனை இருக்கும், அதில்தான் விஷயமே: பகலில் மட்டும், இன்ன மணி முதல் இன்ன மணி வரை மட்டும், பைக்கும் படத்தில் வர வேண்டும், ரசீது வேண்டும். இதைப் படிக்காமல் போட்ட ரூட் பார்க்க அழகாக இருக்கும், விடியற்காலை 2 மணிக்கு 'பகலில் மட்டும்' இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

எனக்கு நடந்தது அதைவிட அசட்டுத்தனம். மாலை 5 மணிக்கு மூடுகிற இடம் ஒன்று ரூட்டில் இருந்தது. 4:20-க்கு, மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டு போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது. நான் பார்த்தது ராலி கடிகாரம். கிழக்கே போய்க்கொண்டிருந்ததில் நடுவில் நேர மண்டலம் மாறி, அங்கே மணி 5:20. பூட்டுக்கு முன்னால் கொடியைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன், எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. அதற்கப்புறம் நேரக் கட்டுப்பாடு உள்ள இடங்களை மட்டும் தனி நிறத்தில் குறித்து, பக்கத்திலேயே ராலி நேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அடுத்தது பெரிய புள்ளி மோகம். இதில் விழாத ஆளே கிடையாது. ராலி நடத்துபவர்கள் அந்த 1,200 புள்ளி இடத்தை சும்மா அங்கே வைக்கவில்லை, தூண்டிலில் புழு மாதிரி வைத்திருக்கிறார்கள். புள்ளியைப் பார்க்காதீர்கள், அதற்காக ரூட்டில் கூடுதலாக எத்தனை மணி நேரம் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த 1,200-க்குப் போய்த் திரும்ப 5 மணி நேரம் அதிகமாகிறது என்றால் மணிக்கு 240 புள்ளி. இன்னொரு பக்கம் 300, 300, 300 என்று மூன்று இடம், மூன்றுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம்தான் கூடுதல் என்றால் மணிக்கு 360. அதோடு கையில் இரண்டரை மணி நேரம் மிச்சம், அதில் வேறு இடமும் போகலாம், தூங்கவும் செய்யலாம். இப்போது இன்னொன்றைப் பாருங்கள்: போகிற வழியிலேயே, சாலையை விட்டு இறங்கக்கூட வேண்டாத ஒரு 60 புள்ளி இடம். 'அறுபதுக்கெல்லாம் யார் நிற்பது' என்று தாண்டிப் போவோம். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது, கணக்குப் போட்டால் அதுவும் மணிக்கு 360-தான். வழியில் கிடக்கிற சில்லறையைப் பொறுக்கியே மேலே வந்தவர்கள் நிறைய.

ஆனால் இந்த மணிக்கணக்கை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது, கூட்டு போனஸ் வந்தால் கணக்கு தலைகீழாகும். ஆறு இடமும் போனால் மொத்தமாக 3,000 கூடுதல் புள்ளி, ஐந்து போனால் அந்தக் கூடுதல் சுத்தமாகக் கிடையாது என்று வைப்பார்கள். ஐந்து இடம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், ஆறாவது எங்கோ ஒரு மலை முடுக்கில். அந்த ஆறாவதுக்குத் தனியாக விலை போட்டால் படுமோசமாகத் தெரியும், மொத்தத்துக்குப் போட்டால் பிரமாதமாகத் தெரியும். எடுப்பது என்று முடிவு செய்தால் அந்தக் கஷ்டமான இடத்தை முதலில் ரூட்டில் பொருத்துங்கள், மற்ற ஐந்தை அதைச் சுற்றி அடுக்குங்கள். ஐந்தை முடித்துக்கொண்டு 'ஆறாவதைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்புவது, ஆழம் தெரியாமல் காலை விடுகிற வேலை.

சாஃப்ட்வேர் காட்டுகிற நேரத்தை நம்புவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1,200 கிலோமீட்டர், 14 மணி நேரம் என்று அது சொல்லும். சரி, அந்த நேரம் சக்கரம் சுற்றுகிற நேரம் மட்டும். மூன்று முறை பெட்ரோல், தடவைக்கு 12 நிமிடம். எட்டு போனஸ் இடம், தடவைக்கு 10 நிமிடம். சாப்பாடு, கழிப்பறை என்று ஒரு 40 நிமிடம். கூட்டினால் 2 மணி 36 நிமிடம். மணிக்கு 85 என்று நினைத்த வேகம் 72-க்கு வந்துவிட்டது, இத்தனைக்கும் மழை இல்லை, டிராஃபிக் இல்லை. நின்ற நேரத்தையும் சேர்த்த சராசரிதான் உங்கள் உண்மையான வேகம். பழைய பயணங்களின் பதிவு இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள், நாம் நினைத்துக்கொண்டிருப்பதைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு போனஸ் இடத்துக்கு ஏன் பத்து நிமிடம் என்று கேட்பவர்கள் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பைக்கை நிறுத்தி, சைடு ஸ்டாண்டுக்குக் கீழே மண் இளகுகிறதா என்று பார்த்து, கையுறையைக் கழற்றி, கொடியைத் தேடி, அது காற்றில் மடங்காமல் இழுத்துப் பிடித்து, படம் எடுத்து, எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கொடியின் எண் தெரிகிறதா என்று சரிபார்த்து, ஓடோமீட்டரையும் நேரத்தையும் தாளில் எழுதி, கொடியைப் பழைய இடத்திலேயே வைத்து, வியர்த்த கையில் மறுபடி கையுறையை மாட்டி. ஐந்து நிமிடத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், வருஷக்கணக்கில் பழகியவர்கள். பெட்ரோல் பங்க்கிலும் இதே கதை. 17,700 கிலோமீட்டரை 350-க்கு ஒருமுறை டேங்க் நிரப்பி ஓட்டினால் ஐம்பது தடவை நிற்க வேண்டும். தடவைக்குப் பத்து நிமிடம் வீணடித்தால் மொத்தம் 8 மணி 20 நிமிடம், ஒரு முழு ராத்திரித் தூக்கம்.

தூக்கம் என்றதும் சொல்கிறேன், அதை ரூட்டில் ஓர் இடமாகக் குறிக்காமல் 'மிச்ச நேரத்தில் பார்க்கலாம்' என்று விடுபவர்களுக்கு மிச்ச நேரம் என்று ஒன்று வருவதே இல்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். விடியற்காலை 2 முதல் 6 வரை உடம்பு தானாகவே அணைந்துபோகப் பார்க்கும், காபியெல்லாம் அதற்கு முன்னால் எடுபடாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் செருகினால் பைக் 83 மீட்டர் ஆளில்லாமல் போயிருக்கும். பல ராலிகளில் ஓய்வுக்கே போனஸ் உண்டு, ஆரம்பித்த நேரத்துக்கும் முடித்த நேரத்துக்கும் ரசீது கேட்பார்கள். அப்படி இருக்கும்போது எழுந்த பிறகு ரசீது வாங்க ராத்திரி முழுக்கத் திறந்திருக்கிற இடம் பக்கத்தில் இருக்கிறதா என்பதும் ரூட் போடுகிற வேலையில் சேர்த்திதான். நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டாவது ரசீதுக்காக இருட்டில் ஊரைச் சுற்றி வருவதைவிட எரிச்சலான காரியம் குறைவு.

இடக்குறியீட்டு எண்களில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில், ஒரு சின்னப் பொறி. 38 டிகிரி 30 நிமிடம் என்று புத்தகத்தில் இருப்பதை அவசரத்தில் 38.30 என்று அடித்துவிடுவோம், ஆனால் டிகிரிக்கு 60 நிமிடம், அதனால் அது 38.5. வடக்குத் தெற்காக 22 கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு வயல் நடுவில் போய் நிற்பீர்கள். அப்புறம், ஜி.பி.எஸ். தானாக ரூட்டை மாற்றிக்கொள்கிற வசதி: லேப்டாப்பில் நெடுஞ்சாலையாக இருந்தது கருவியில் ஏற்றியதும் குறுக்குச் சந்தாகிவிடும். ஏற்றிய பிறகு மொத்த தூரம் இரண்டிலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இவ்வளவு சரியாகச் செய்தவர்களும் ஓரிடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்: எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் கிளம்புவது. எந்த ரூட்டும் போட்டபடி நடக்காது. 16 மணி நேரம் ஓட்டிய மூளையிடம் போய் 'அடுத்த போனஸை எடுக்கலாமா, விடலாமா' என்று கேட்டால் அது எடுக்கலாம் என்றுதான் சொல்லும், அதற்குக் கணக்குப் போடத் தெம்பு இருக்காது. செக்பாயின்டில், அதாவது ராலியின் ஒரு கட்டம் முடிந்து குறித்த மணிக்குள் வந்து சேர வேண்டிய இடத்தில், தாமதத்துக்கு நிமிடக் கணக்கில் புள்ளி கழியும், கெடு தாண்டினால் அந்தக் கட்டத்தில் சேர்த்தது மொத்தமும் போகலாம், சில ராலிகளில் ஆட்டமே முடிந்தது. அதனால் செக்பாயின்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 8 மணிக்கு அங்கே இருக்க வேண்டும், ஒரு மணி நேரம் கைக்காவல், ஆக 7; அப்படியென்றால் கடைசி போனஸ் இடத்திலிருந்து 4:30-க்குக் கிளம்பியாக வேண்டும், அதற்கு முந்தைய இடத்திலிருந்து 1 மணிக்கு. இந்த மணிகளை ஒரு சீட்டில் எழுதி டேங்க் பையின் மேல் ஒட்டுங்கள், பக்கத்திலேயே 'தாண்டினால் இதை விடு' என்று இடத்தின் பெயர். என் சீட்டில் விட வேண்டியவை சிவப்பு மையில் இருக்கும். போன ராலியில் 1:10-க்கு அந்தச் சிவப்புப் பெயரைப் பார்த்தேன், 450 புள்ளி, வெறும் பத்து நிமிடம்தானே என்று கை அந்தப் பக்கமே திருப்பப் பார்த்தது. ஓரமாக நிறுத்தி ஒரு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டு நேராகப் போனேன். வழியில் சாலை வேலை, ஒற்றை வரிசை, 35 நிமிடம் நகரவே இல்லை. 7:25-க்குச் செக்பாயின்டில் பைக்கை நிறுத்தினேன்.