கென்ட் புள்ளியும் மெட்வே புள்ளியும்: பக்கத்துக் கவுன்சில்களின் லெவன் பிளஸ் பெறுபேறுகளை ஒப்பிடும் முறை

லெவன் பிளஸ் என்பது இங்கிலாந்தில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளைக் கிராமர் பாடசாலைகளுக்கு (பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரியும் அரசுப் பாடசாலைகள்) எடுப்பதற்கான பரீட்சை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள கென்ட், மெட்வே கவுன்சில்கள் அதைத் தனித்தனியாக நடத்துகின்றன. கென்டில் 340 எடுத்த பிள்ளையும் மெட்வேயில் 510 எடுத்த பிள்ளையும் ஒரே தெருவில் இருக்கலாம். சிலவேளை இரண்டு பரீட்சைகளையும் எழுதிய ஒரே பிள்ளையாகவும் இருக்கலாம். ஒக்டோபரில் பெறுபேறு வந்ததும் பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அப்படி நேராக வைத்துப் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். ஒப்பிட வழி உண்டு. ஆனால் புள்ளியிலிருந்து தொடங்கக் கூடாது; அந்தப் புள்ளி எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் புள்ளியைப் பிரித்துப் பாருங்கள்

கென்டின் பரீட்சையான கென்ட் டெஸ்டில் மூன்று புள்ளிகள் வரும்: ஆங்கிலம், கணிதம், ரீசனிங் (தர்க்கம்). சொற்கள், வடிவங்கள், இடவுணர்வு சார்ந்த கேள்விகள் எல்லாம் ரீசனிங் என்ற ஒரே புள்ளிக்குள் அடங்கும். ஒவ்வொன்றும் 69 முதல் 141 வரை போகும் தரப்படுத்திய புள்ளி, அதாவது மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு மாற்றிய புள்ளி. ஆகவே உச்சம் 423. அண்மை வருடங்களில் தேர்ச்சிக் கோடு மொத்தம் 332. அதோடு எந்தத் தாளிலும் 107ஐ ஒட்டிய ஒரு குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்தக் குறைந்தபட்சம் வருடத்துக்கு வருடம் ஓரிரு புள்ளி நகரும்.

மெட்வேயில் பல வருடங்களாக இருந்துவந்த கட்டமைப்பு வேறு: நீள எழுத்து (கட்டுரை), கணிதம், வேர்பல் ரீசனிங் (சொல்சார் தர்க்கம்) என மூன்று தாள்கள். முதல் இரண்டின் தரப்படுத்திய புள்ளியும் இரட்டிப்பாகும், மூன்றாவது ஒரு மடங்கு. நிறை 40, 40, 20 சதவீதம். மூன்றிலும் சராசரியாக 100 எடுத்த பிள்ளைக்கு மொத்தம் 500 வரும். மெட்வேயின் தேர்ச்சிக் கோடும் பொதுவாக 500ஐச் சுற்றியே விழுகிறது. கென்டில் சராசரி எடுத்தால் 300, கோடோ 332. இதை மட்டும் பார்த்து "மெட்வே லேசு" என்று சொல்லிவிடுகிறார்கள். அது ஏன் தவறு என்பதைக் கீழே பார்ப்போம்.

இந்தக் கட்டத்தில் ஒரு தாளில் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை தாள், ஒவ்வொன்றின் நிறை என்ன, மொத்தக் கோட்டைத் தவிரத் தாளுக்கான குறைந்தபட்சம் உண்டா, வயதுக்கு ஏற்பத் தரப்படுத்துகிறார்களா. நான்கும் கவுன்சிலின் சேர்க்கைக் கையேட்டில் இருக்கும். அந்தந்த வருடத்துக் கையேட்டையே பாருங்கள். பரீட்சை நடத்துபவரும் தாளின் அமைப்பும் மாறுவதுண்டு.

நிறை எப்படி முடிவைப் புரட்டும்

விளக்கத்துக்காகக் கற்பனைப் புள்ளிகள் சில. ஒரு பிள்ளைக்குக் கென்டில் ஆங்கிலம் 118, கணிதம் 126, ரீசனிங் 105. மொத்தம் 349, கோட்டுக்கு 17 புள்ளி மேலே. ஆனால் அந்த வருடத்துக் குறைந்தபட்சம் 107 என்றால் இந்தப் பிள்ளை பரீட்சையால் தேறவில்லை. ரீசனிங்கில் விட்ட இரண்டு புள்ளியைக் கணிதத்தின் 126 ஈடுசெய்யாது. மெட்வே கணக்கில் ரீசனிங்குக்கு ஐந்தில் ஒரு பங்குதான் நிறை; அதே பலவீனம் அங்கே சின்னக் கீறல்.

இன்னொரு பிள்ளை கணிதத்திலும் தர்க்கத்திலும் கெட்டிக்காரர், கையால் ஒரு கட்டுரையை நேரத்துக்குள் எழுதி முடிக்கத் திணறுபவர். கென்டிலும் ஓர் எழுத்துப் பயிற்சி உண்டு, 40 நிமிடம். ஆனால் அதற்குப் புள்ளியில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் குழு பார்க்கும்போதுதான் அது கையில் எடுக்கப்படும். நீள எழுத்துக்கு 40 சதவீதம் கொடுக்கும் பரீட்சையில் இதே பிள்ளை அடிவாங்கும். இரண்டு பரீட்சையிலும் ஒரே பிள்ளையின் பெறுபேறு மாறி வந்தால் முதலில் தேட வேண்டிய காரணம் இதுதான். கடினம், லேசு என்பதெல்லாம் பிறகு.

100 என்பது யாருடைய சராசரி?

தரப்படுத்திய புள்ளி ஒப்பீட்டுப் புள்ளி. பாடப்புத்தக அளவுகோலில் சராசரி 100, நியம விலகல் 15. அதன்படி 107 என்றால் ஏறத்தாழ மேல் 32 சதவீதம், 111 என்றால் 23, 115 என்றால் 16, 121 என்றால் 8, 130 என்றால் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த அட்டவணை உதவும், ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று, எந்தக் கூட்டத்தின் சராசரி என்பது. நாடளாவிய மாதிரியை வைத்துத் தரப்படுத்தினால் ஒரு பொருள். அன்று பரீட்சை எழுதியவர்களை மட்டும் வைத்துத் தரப்படுத்தினால் வேறு பொருள். டியூஷன் போய்த் தயாரான பிள்ளைகள் நிறைந்த கூட்டத்தில் 100 எடுப்பது நாடளாவிய 100ஐ விடக் கடினம். பக்கிங்ஹாம்ஷயரின் கோடு 121. அட்டவணைப்படி அது மேல் 8 சதவீதம். ஆனால் அந்தக் கவுன்டியில் பத்தில் மூன்று பிள்ளைகளை ஒட்டித் தேறுகிறார்கள். அங்கே 121 என்பது கோட்டைக் காட்ட வைத்த எண். அட்டவணையோடு பொருத்தக் கூடாது. பக்கத்தில் ஸ்லௌ நகரத்துக் கிராமர் பாடசாலைகளின் கூட்டமைப்பின் கோடு 111. "பத்துப் புள்ளி குறைவு, ஸ்லௌ லேசு" என்ற பேச்சு இதனால்தான் நிற்காது. பக்கிங்ஹாம்ஷயரில் வேர்பல் தாளுக்குப் பாதி நிறை, கணிதத்துக்கும் நொன்-வேர்பலுக்கும் (வடிவம்சார் கேள்விகள்) கால் கால் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மற்றது, கூட்டுத்தொகை. ஒரு தாளில் 111 எடுப்பதை விட மூன்று தாளிலும் சராசரி 111 வைத்திருப்பது அரிது. ஒரு பாடத்தில் மேலே நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் மற்றதிலும் மேலே நிற்பதில்லை. ஆகவே 332ஐ மூன்றால் வகுத்து அட்டவணையில் தேடினால் கிடைக்கும் சதவீதம் உண்மையை விடத் தாராளமாக இருக்கும்.

மாதிரிப் பரீட்சைப் புள்ளியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டியூஷன் நிலையம் கொடுக்கும் தரப்படுத்திய புள்ளி அன்று அந்த மண்டபத்தில் எழுதிய பிள்ளைகளோடு ஒப்பிட்டது. அதில் 340 வந்தது என்பதால் கென்டில் 332 நிச்சயம் என்று எண்ண வேண்டாம். 320 வந்ததற்காகப் பிள்ளையை வாட்டவும் வேண்டாம். அந்தத் தாளில் எந்த வகைக் கேள்விகள் தவறின என்ற விவரம்தான் பயன்படும்.

எழுதியவர்களில் அல்ல, மொத்தப் பிள்ளைகளில்

நம்பகமான ஒப்பீட்டு அளவு ஒன்றே: அந்த வயதுப் பிள்ளைகள் அனைவரிலும் எத்தனை வீதம் தேறுகிறது. கென்ட், பரீட்சையால் 21 சதவீதத்தையும் தலைமையாசிரியர் குழு வழியாக மேலும் 4 சதவீதத்தையும் இலக்காக வைக்கிறது. மெட்வே, தன் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் 23 சதவீதம் தேறும் இடத்தில் கோட்டைப் போடுகிறது. தேறாதவர்களின் வகுப்பு வேலைகளைப் பார்க்கும் மறுபரிசீலனைக்கு 2 சதவீதம். இரண்டும் 25இல் முடிகின்றன. மெட்வே லேசு என்ற பேச்சு இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

பிறகு ஏன் மெட்வே கோடு சராசரியைச் சுற்றி விழுகிறது? கற்பனையாக 1,000 பிள்ளைகள் உள்ள ஒரு வட்டாரம். 500 பேர் எழுதுகிறார்கள், 230 பேர் தேற வேண்டும். எழுதியவர்களில் அது 46 சதவீதம். எழுதியவர்களின் சராசரியை 100 என்று வைத்தால் கோடு சராசரிக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். பக்கத்து வட்டாரத்தில் அதே 1,000 பேரில் 400 பேர் எழுதி 210 பேர் தேறினால் 52.5 சதவீதம். செய்தியில் இது தாராளமான வட்டாரம் போலத் தெரியும். மொத்தப் பிள்ளைகளில் பார்த்தால் 21 சதவீதம், அதாவது இறுக்கமான வட்டாரம். வெளியூரிலிருந்து வந்து எழுதுபவர்களின் தேர்ச்சி வீதத்தைத் தனியாக வையுங்கள். தூரம் வந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் நம்பிக்கையோடு வருபவர்கள். அவர்களைச் சேர்த்தால் கணக்குக் குழம்பும்.

"325க்கும் தேர்ச்சி கிடைத்ததாம்" என்று கேள்விப்பட்டால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கென்டின் தலைமையாசிரியர் குழு தேர்ந்த பிள்ளையாக இருக்கலாம். அதை வைத்து அடுத்த வருடக் கோட்டைக் கணிக்கக் கூடாது. டோவர், ஃபோக்ஸ்டன் பக்கம் சில கிராமர் பாடசாலைகளுக்குத் தனி உள்ளூர்ப் பரீட்சையும் உண்டு; கென்டுக்குள்ளேயே ஒப்பிடும்போதும் எந்த வழியில் தேறினார் என்று கேளுங்கள்.

தேர்ச்சிக் கோடு வேறு, வெட்டுப்புள்ளி வேறு

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலோடு வளர்ந்த பெற்றோர் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். தேர்ச்சிக் கோடு பிள்ளைக்கு இடத்துக்குப் பரிசீலிக்கப்படும் தகுதியைத் தருகிறது, இடத்தைத் தருவதில்லை. இடம் ஒவ்வொரு பாடசாலையின் சேர்க்கை விதிப்படி. கென்டின் பல கிராமர் பாடசாலைகளில் தேறியவர்களுக்குள் தூரமே தீர்மானிக்கும். அங்கே 333ம் 400ம் ஒன்றுதான். டார்ட்ஃபர்ட் கிராமர், டன்பிரிட்ஜின் ஜட் போன்றவற்றில் புள்ளி வரிசை முக்கியம். வெளிவட்டாரத்தில் இருந்து வருபவருக்கு 332ஐ விட வெகு மேலே தேவைப்படும். கென்டை ஒட்டிய லண்டன் வட்டாரமான பெக்ஸ்லியில் முதல் 180 இடங்களுக்குள் வந்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை. மற்றத் தேறியவர்களுக்கு அந்த உறுதி இல்லை.

ஆகவே பாடசாலை வாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு வரிக்கு ஒரு பாடசாலை, ஒரு வருடம். நிரல்களில் அந்த வருடத் தேர்ச்சிக் கோடு, இடங்கள் அறிவிக்கப்படும் மார்ச் 1 அன்று கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி (வெட்டுப்புள்ளி) அல்லது தூரம், அந்தப் புள்ளி கோட்டுக்கு எத்தனை மேலே, எந்த விதிப் பிரிவில் (உள்வட்டாரமா, வெளியா). மூன்று வருடமாவது வேண்டும். வெவ்வேறு வருடங்களின் வெறும் புள்ளியைச் சராசரி எடுக்காமல், கோட்டிலிருந்து உள்ள இடைவெளியைப் பாருங்கள். பரீட்சை நடத்துபவர் மாறிய வருடத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்கு முந்தியவற்றைத் தனியாக வையுங்கள். மார்ச் எண்ணையும் காத்திருப்புப் பட்டியல் நகர்ந்த பின் வந்த எண்ணையும் ஒரே நிரலில் கலந்தால் அட்டவணையே பயனற்றுப் போகும். பின்னையது எப்போதும் தளர்வாக இருக்கும்.

விண்ணப்பத்தின் கடைசி நாளான ஒக்டோபர் 31க்கு முன்

மெட்வேயில் தேறாத பிள்ளைக்கு மறுபரிசீலனை கேட்கச் சில நாட்களே கிடைக்கும். கேட்பதற்கு முன் ஒரு விடயத்தை நிதானமாக யோசியுங்கள். மறுபரிசீலனை நடந்து தோற்றுவிட்டால், பின்னர் மேன்முறையீட்டுக் குழு பார்ப்பது அந்த மறுபரிசீலனை நியாயமாகவும் ஒரே சீராகவும் நடந்ததா என்பதைத்தான். அதில் குறை காணாவிட்டால் பிள்ளையின் திறமை பற்றிய புதிய சான்றுக்குள் குழு போகாது. வகுப்புப் பயிற்சிப் புத்தகங்கள் பலமாக இருந்தால் கேளுங்கள். பலமில்லையென்றால் மேன்முறையீட்டு வழியைத் திறந்தே வைப்பது நல்லது. கென்டில் குழுப் பார்வை பெறுபேறுக்கு முன்னரே முடிந்துவிடும். பிறகு மறுபரிசீலனை இல்லை.

மெட்வேயில் தேறியது கென்ட் கிராமருக்குத் தானாகச் செல்லாது, மறுபக்கமும் அப்படியே. பக்கத்து வட்டாரத்தின் பரீட்சையை ஏற்கும் பாடசாலை ஏதும் இருந்தால் அதன் சேர்க்கை விதியில் எழுத்தில் இருக்கும். வாய்வார்த்தையை நம்பி விண்ணப்பத்தில் இடத்தை வீணாக்காதீர்கள். இரண்டு பரீட்சைக்கும் பதிவு தனித்தனி, கோடை தொடக்கத்திலேயே மூடிவிடும்.

விண்ணப்பத்தில் உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்று பாடசாலைக்குத் தெரியாது. புள்ளி குறைவு என்று பயந்து விருப்பமான பாடசாலையைக் கீழே தள்ளுவதால் எந்த இலாபமும் இல்லை. அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: மூன்று வருடத்திலும் உங்கள் முகவரிக்கும் பிள்ளையின் புள்ளிக்கும் இடம் கிடைத்திருக்கக்கூடிய பாடசாலை ஒன்றாவது பட்டியலில் இருக்கிறதா என்பது. இல்லையென்றால், பக்கத்திலுள்ள கிராமர் அல்லாத நல்ல பாடசாலை ஒன்றைக் கடைசி வரியில் சேர்த்துவிட்டே அனுப்புங்கள்.