கொச்சிக் கிடங்கில் படம் மாட்டப் போகிறவர்களுக்கு

2025 டிசம்பரில் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கிடங்கில் ஐந்து நாள் வேலை. கொச்சி முசிறிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியின் ஆறாவது பதிப்பு தொடங்கிய சமயம். அந்த மாதங்களில் ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் காலிக் கிடங்கு கிடைப்பது அபூர்வம். பிரதான கண்காட்சி, மாணவர் பினாலே, அது போக இளைஞர்கள் தாங்களாகவே பணம் போட்டு நடத்தும் சின்னச் சின்னக் கண்காட்சிகள். படம் மாட்ட, பலகை நிறுத்த, ப்ரொஜெக்டர் தொங்கவிட என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

பக்கத்து அறையில் கலைக் கல்லூரி முடித்த நான்கு பேர். காகித ஓவியங்களை எம்டிஎஃப் (அழுத்திய மரநார்) பலகையில் ஒட்டி, பலகையைச் சுவரோடு சேர்த்து அறைந்துகொண்டிருந்தார்கள். டிரில் சத்தம் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2018-இல் இதே பகுதியில் இதையேதான் நான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மட்டம் பார்க்காமல் மாட்டுவது, பெயர் அட்டையில் எழுத்துப்பிழை, ஏணி ஏற்பாடு செய்யாமல் வந்து நிற்பது எல்லாம் முதல் கண்காட்சியிலேயே தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அப்படித் தானாகத் திருந்தாத தவறுகள் மட்டும் கீழே.

போட்டோவை நம்பி இடத்தை முடிவு செய்வது

இங்கே கண்காட்சி நடக்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை ஓவியத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பினாலேயின் முக்கிய இடமாகப் பல பதிப்புகள் இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், 1867-இல் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் வளாகம். மிளகும் இஞ்சியும் கயிறும் எண்ணெயும் போய்வந்த இடம். பெப்பர் ஹவுஸும் கிடங்குதான். சரக்குக்குக் காற்றோட்டம் வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் கவலையில்லை.

போட்டோவில் அறை இருட்டாகத்தான் தெரியும். நேரில் போனால் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டு இடுக்கு வழியாக ஒரு வெயில் கீற்று இறங்கி, சரியாக உங்கள் வீடியோவின் நடுவில் நிற்கும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை என்று ஒரே அறைக்கு மூன்று தடவை போய்ப் பாருங்கள்.

பலகையைச் சுவரோடு ஒட்டி அறைவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2018 டிசம்பர். நானும் இரண்டு நண்பர்களும் ஒரு கிடங்கின் பின்னறையை வாடகைக்கு எடுத்தோம். என்னுடையது 36 சார்கோல் (கரிக்கட்டி) ஓவியங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கிற பெண்களின் கைகள், கைகள் மட்டும். ஏழு மாத வேலை. பதினோராவது படம் அம்மாவுடைய கை. ஓவர்லாக் மெஷினில் துணியைத் தள்ளும்போது அவள் கட்டைவிரல் ஒரு மாதிரி வெளிப்பக்கம் வளையும். அந்த வளைவைப் பிடிக்க எனக்கு ஒன்பது தாள் ஆனது.

பலகை அடிக்க உள்ளூர் ஆசாரி ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினார். பிறகு அதே கையை என் கறுப்புச் சட்டையில் வைத்தார். ஐந்து விரலும் ஈரச் சுண்ணாம்பாகப் பதிந்தன. "ரெண்டு விரல் இடம் விடு மோனே" என்றார்.

நான் கேட்கவில்லை. இடைவெளி விட்டால் பக்கவாட்டில் பார்ப்பவர்களுக்குச் சந்து தெரியும், அசிங்கமாக இருக்கும் என்றேன். படங்கள் சுவரிலேயே முளைத்த மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் மேற்கொண்டு எதுவும் பேசாமல் நான் சொன்னபடியே அறைந்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை கதவைத் திறந்தால், கீழ்வரிசைப் பலகைகளின் அடிப்பக்கம் டீயில் ஊறிய ரஸ்க் போல உப்பியிருந்தது. காகிதம் ஆங்காங்கே குமிழ் விட்டிருந்தது. பதினோராவது படத்தில், மேலே இருந்த திருகாணியின் தலையிலிருந்து துருநீர் ஒரு கோடாக வழிந்து, அம்மாவின் கட்டைவிரல் வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. இரண்டு வாரத்தில் 22 படங்களை இறக்க வேண்டியதாயிற்று. பலகை, வேன், வாடகை, கூலி என்று செலவான 86,000 ரூபாயை அடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அது போகட்டும். அந்தக் கையை மறுபடி வரைந்தேன், முதலில் வந்த மாதிரி வரவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? இந்தப் பக்கத்துப் பழைய சுவர்கள் வெட்டுகல்லில் (செம்பாறைக் கல்) கட்டிச் சுண்ணாம்பு பூசியவை. சுற்றிலும் காயலும் கடலும். தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் வரும் தரை. சுவர் அந்தத் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சுகிறது. நம் கொத்தனார்கள் இதைத்தான் ஓதம் ஏறுகிறது என்பார்கள். பொதுவாகத் தரையிலிருந்து மூன்று நான்கு அடிவரை ஏறும். தண்ணீர் ஆவியானதும் அதோடு வந்த உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கொச்சியில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டும். அதாவது சுவர் கீழிருந்தும் குடிக்கிறது, காற்றிலிருந்தும் குடிக்கிறது.

சுவரைத் திறந்து விட்டால் பகலில் காய்ந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஈரம் வெளியேறும், அந்தக் கட்டடங்கள் இத்தனை காலம் நிற்பதே அப்படித்தான். நாம் பலகையை அறைந்து அந்த வழியை அடைக்கிறோம். வெளியேற முடியாத ஈரம் பலகைக்குள் போகிறது. எம்டிஎஃப் என்பது மரநாரை அழுத்திச் செய்தது; ஒரு முறை ஊதினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதன் மேல் ஒட்டிய காகிதம் ஒரு கணக்கில் விரியும், பலகை வேறு கணக்கில் விரியும். நடுவில் பசை மாட்டிக்கொள்ளும். குமிழ் வருவது அதனால்தான்.

அப்புறம் திருகாணி. சாதாரணக் கறுப்புத் திருகாணி கடற்காற்றில் இரண்டு வாரம்கூடத் தாங்காது. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெரும்பாலும் 304 தரம். அதிலும் உப்புக் காற்றில் பழுப்புப் புள்ளி வரும். மாலிப்டினம் கலந்த 316 தரம் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஒரு கண்காட்சிக்கு ஒரு டப்பா போதும்.

செய்ய வேண்டியது இது. போன முதல் நாளே இரண்டு அடிக்கு இரண்டு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் போட்டு அடைத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் இருந்தால் காற்றிலிருந்து. இரண்டு பக்கமும் இருந்தால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள், தனியே நிற்கிற சட்டம் அடித்து அதில் மாட்டுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போடாமல் இருப்பது கட்டடத்துக்கும் நல்லது.

சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் ரீப்பர் கட்டையை (மெல்லிய மரச்சட்டம்) நெடுக்குவாட்டில் அடித்து, அதன் மேல் பலகை. குறைந்தது இரண்டு விரல் இடைவெளி. மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், காற்று கீழே நுழைந்து மேலே போக வேண்டும். பலகையின் அடி தரையிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில் இருக்கட்டும். எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தாங்கும் மரைன் பிளை அல்லது அலுமினியத் தகடு ஒட்டிய ஏசிபி ஷீட் போதும். காகிதத்தை ஒட்டாதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும் பிடித்துத் தொங்கவிடுங்கள், அது விரியட்டும், சுருங்கட்டும்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பலகைக்குப் பின்னால் ஒட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். மூடிய பெட்டிக்குள் அதற்கு வேலை உண்டு. திறந்த கிடங்கில் அது ஒரே இரவில் நிறைந்துவிடும்.

இந்தத் தவறைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் பணமோ ஈரமோ அல்ல. தெரிந்த ஒரு மனிதர், என் சட்டையிலேயே சுவரின் ஈரத்தைப் பதித்துக் காட்டிச் சொன்னார். சந்து தெரியும் என்று நான் மறுத்தேன். 2025 டிசம்பரில் பக்கத்து அறையின் அந்த நால்வரிடம் சொன்னபோது அவர்களில் ஒரு பெண், "அண்ணா, கேப் விட்டா நிழல் விழுமே" என்றாள். விழும்தான், விழட்டும் என்றேன். அன்று இரவே இரண்டு பேர் பலகைகளைக் கழற்றி ரீப்பர் வைத்தார்கள். மற்ற இருவர் அப்படியே விட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் அந்த இருவரில் ஒருவனிடமிருந்து போட்டோ வந்தது. அதே உப்பல், அதே இடம்.

2016-இல் நான் மாணவனாக முதன்முதலில் கொச்சி வந்தபோது, சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா ஒரு கிடங்குத் தரை முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார். சிரியாவிலிருந்து தப்பும்போது கடலில் மூழ்கிய சிறுவன் காலிப் குர்திக்கான படைப்பு அது. செருப்பைக் கழற்றி, தண்ணீரில் நடந்து, எதிர்ச் சுவரில் இருக்கும் கவிதைக்குப் போக வேண்டும். கால் விறைக்க நடந்தது நினைவிருக்கிறது. இந்த ஊரின் தண்ணீரை மறைக்காமல் அவர் அதையே வேலை செய்ய வைத்திருந்தார். அதைக் கண்ணால் பார்த்தும் இரண்டு வருஷம் கழித்து நான் சுவரை அடைத்தேன்.

துறைமுகம் என்றதும் மிளகு, வலை, படகு

முதல் பதிப்பு 2012-இல் நடந்தபோது ஓவியர் விவான் சுந்தரம், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளையும் மிளகையும் கொண்டு, பழைய சேரத் துறைமுகமான முசிறியைப் பற்றியே ஒரு படைப்பு செய்தார். 2014-இல் நம் தமிழ்நாட்டுச் சிற்பி பெனிதா பெர்சியால் சாம்பிராணி, மூலிகைப் பொடிகளில் செய்த சிற்பங்களை வைத்தார். அவர் அந்தப் பொருட்களோடு பல வருஷமாக வேலை செய்கிறவர். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போன கதை அகநானூற்றிலேயே இருப்பதால் தமிழ் மாணவர்களுக்கு இதில் இரட்டை ஆசை. ஆனால் ஊருக்கு வந்த பிறகு கடையில் வாங்கிய இரண்டு கிலோ மிளகைத் தரையில் பரப்புவது உங்கள் வேலை ஆகாது. திருப்பூர்க்காரன் திருப்பூரைக் கொண்டு வரலாம்.

திறப்பு நாளுக்கு மட்டும் சோதிப்பது

பினாலே 100 நாளுக்கு மேல் நடக்கும். தினம் எட்டு மணி நேரம் என்றாலே 800 மணி நேரத்தைத் தாண்டும். உங்கள் மோட்டாரோ பிளேயரோ வீட்டில் ஒரு வாரம் நிறுத்தாமல் ஓடியதா?

சுமட்டுத் தொழிலாளர்களிடம் கடைசி நேரத்தில் பேசுவது

கேரளத்தில் சுமை இறக்க உள்ளூர்த் தொழிலாளர்களும் அவர்களுக்கு உரிமைகளும் உண்டு. லாரி வரும் முந்தைய நாளே போய், என்ன பொருள், எவ்வளவு எடை, எது உடையும் என்று சொல்லிக் கூலி பேசிவிடுங்கள். பெரிய லாரி நுழையாத சந்தில் கண்ணாடிப் பெட்டியைத் தலையில் வைத்து ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கியவர்கள் அவர்கள்.

கரையான்

மரச்சட்டத்தை நேராகத் தரையில் நிறுத்தாதீர்கள்.

காலையில் பிரித்துக் கட்டுவது

மார்ச் கடைசியில் எல்லோருக்கும் ஊருக்குப் போகிற அவசரம். காலை ஆறு மணிக்கே இறக்கிப் பெட்டியில் போட்டு ஆணி அடித்துவிடுவார்கள். இரவு குடித்த ஈரம் முழுக்க அப்போது காகிதத்தில்தான் இருக்கும். பெட்டியைக் கோயம்புத்தூரில் திறக்கும்போது பூஞ்சை. காலையில் இறக்கி வையுங்கள், விசிறி போடுங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் கட்டுங்கள்.