படம் சுமாரா, டிவி சுமாரா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா போன் செய்தார். "நீ சொன்னியேன்னு அந்தப் படத்தப் போட்டேன்டா. சீரியல் மாதிரி எடுத்து வெச்சிருக்கான். அரை மணி நேரத்துல நிறுத்திட்டேன்." நான் அந்தப் படத்தை ஒளிப்பதிவுக்காகவே தியேட்டரில் இரண்டு முறை பார்த்தவன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்படியா பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது அதே படத்தில் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார். அவர் சொன்னது உண்மைதான். மழையில் இருவர் நடந்து வரும் காட்சி, மத்தியான சீரியலில் மாமியார் மாடிப்படி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போனது. படம் அதே படம்தான். டிவிதான் புதுசு.

வீட்டில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசும்போது நாம் செய்கிற முதல் தவறு இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது. படம் எப்படி என்று சொல்கிறோம், அதை எப்படிப் பார்த்தோம் என்று சொல்வதில்லை. தியேட்டரில் முந்நூறு பேர் பார்த்தால் முந்நூறு பேருக்கும் ஒரே திரை, ஒரே சத்தம், ஒரே இருட்டு. வீட்டில் ஒவ்வொருவர் பார்ப்பதும் கிட்டத்தட்ட வேறு படம்.

பெரியப்பா வீட்டில் நடந்தது இது. சினிமா பொதுவாக நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள், என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. சினிமா என்றால் இப்படித்தான் அசையும் என்று நம் கண்ணுக்குப் பழகிப்போனது இந்தக் கணக்கால்தான். வீடியோவில் எடுத்த பழைய சீரியல்களும் கிரிக்கெட் ஒளிபரப்பும் நொடிக்கு இதைவிட அதிகப் படங்களைக் காட்டுபவை. இப்போது வருகிற டிவிகள் சினிமாவின் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இல்லாத ஃபிரேம்களைத் தாமே உருவாக்கிச் செருகிவிடுகின்றன. பந்து ஓடுவதைப் பார்க்க அது நல்லது. சினிமாவுக்கு அது கேடு. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த காட்சிகூடக் கல்யாண வீடியோ போல ஆகிவிடும். எல்ஜியில் இந்த வசதிக்கு ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ. மற்றவற்றிலும் பிக்சர் செட்டிங்ஸில் 'மோஷன்' என்ற சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து நின்று, "தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள்" என்று வீடியோ போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமே டிவி நிறுவனங்களும் இயக்குநர்கள் சிலரும் சேர்ந்து 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஒன்றை அறிவித்தார்கள். உங்கள் டிவியில் அது இருந்தால் படம் பார்க்கும்போது அதைப் போட்டுவிடுங்கள். இந்தச் செருகல் வேலை நின்றுவிடும்.

திரை நிறையத் தெரியட்டும் என்று ஜூம் செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் காசு வீணாவது போல அவர்களுக்கு ஒரு வருத்தம். ஆனால் அகன்ற திரைக்கு எடுத்த படத்தை அப்படி ஜூம் செய்தால் பக்கவாட்டில் கால் பங்கு வெட்டுப்பட்டுவிடும். இரண்டு ஓரத்திலும் நிற்கிற இரண்டு பேரையும் காணாமல், நடுவில் இருக்கும் சுவரை மட்டும் பார்த்துவிட்டு, "ஃபிரேமே வைக்கத் தெரியல" என்று தீர்ப்புச் சொல்வோம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நேர்மாறான கொடுமை நடக்கிறது. கிட்டத்தட்ட சதுரமான படத்தை இழுத்து டிவியை நிரப்பினால் முகமெல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். பத்மினியை அந்தக் கோலத்தில் பார்த்த என் தங்கை மகள், "இவங்களையா எல்லாரும் அழகுன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். ரிமோட்டை வாங்கிச் சரிசெய்து காட்டிய பிறகு வாயே திறக்கவில்லை.

"வசனமே கேட்கல" என்பது அடுத்த புகார். இதில் பாதி நியாயம் உண்டு. தியேட்டரிலேயே வசனம் கேட்காத படங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வீட்டில் இதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஆறு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகப் பிரித்து வரும் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். நம் டிவியில் நடு ஸ்பீக்கர் ஏது? பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி இரண்டு சின்ன ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஆறு வழியில் வர வேண்டிய சத்தத்தை இரண்டில் அடைக்கும்போது பின்னணி இசை வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஓடிடியில் ஆடியோ பட்டியலில் 5.1 அல்லாத ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்புறமும் கேட்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம்.

டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிப்பைக் குறை சொல்வது எங்கள் ஆபீஸ் டீ நேரத்தில் வாராவாரம் நடக்கிறது. மலையாளப் படத்தைத் தமிழில் பார்த்தால் காதில் விழுவது அந்த நடிகரின் குரல் இல்லை. சொற்களும் உதட்டசைவுக்காக வளைக்கப்பட்டவை. முகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். "பேசுறதுல உயிரே இல்ல" என்று சொல்வதற்கு முன் எந்த மொழியில் பார்த்தோம் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால், நேரடித் தமிழ்ப் படங்களிலேயே இந்தக் குழப்பம் உண்டு. 2010இல் வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் ஜெஸ்ஸியின் குரலில் மயங்காத ஆள் என் கல்லூரியில் இல்லை. அந்தக் குரல் த்ரிஷாவுடையது இல்லை, சின்மயியுடையது என்று தெரிந்தபோது விடுதியில் ஒருவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டிவி சேனலில் பார்த்துவிட்டுக் கதை ஒட்டவில்லை என்பதும் இந்த வகைதான். ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே சேனலில் போட முடியாது. வெட்டி, வேறு சான்றிதழ் வாங்கித்தான் போடுவார்கள். போதாததற்கு மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் ஓட்டலாம் என்று விதி. கொலைக்கும் விசாரணைக்கும் நடுவே மூன்று சோப்பும் ஒரு நகைக்கடையும் வந்துபோன பிறகு 'விறுவிறுப்பு இல்லை' என்றால் அந்தப் படம் பாவம் இல்லையா?

'இழுவை' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும், ஏனென்றால் நாம் அதிகம் தப்பாகப் பயன்படுத்துகிற சொல் அதுதான். இரண்டரை மணி நேரப் படத்தைத் திங்கள் இரவு நாற்பது நிமிடம், புதன் இரவு ஒரு மணி நேரம், மிச்சத்தைச் சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே என்று பார்த்தால் எந்தப் படமும் இழுக்கத்தான் செய்யும். இன்னொன்றும் உண்டு. நம் படங்கள் இடைவேளையை நம்பி எழுதப்படுபவை. இடைவேளைக்கு முன் ஒரு பெரிய திருப்பம் வரும். அப்புறம் பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் இருட்டில் சீட்டைத் தேடி உட்காரும் வரை ஒரு பாட்டோ லேசான காமெடியோ ஓடும். வீட்டில் அந்தப் பதினைந்து நிமிட இடைவெளி கிடையாது. உச்சத்திலிருந்து நேராகப் பள்ளத்தில் இறங்கிய மாதிரி இருக்கும். "செகண்ட் ஹாஃப் படுத்துருச்சு" என்று நாம் சொல்லும் படங்களில் சில, ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுத் தொடர்ந்திருந்தால் எழுந்திருக்கும். நான் இப்போது இடைவேளை வந்ததும் டிவியை நிறுத்திவிட்டு உண்மையிலேயே எழுந்து போகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது நேர்மாறு. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் அதைச் சோதித்தபோது ஹாலிவுட்டில் பலர் சண்டைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே வசதி வந்துவிட்டது. ஒன்றரை மடங்கில் ஓட்டினால் 150 நிமிடப் படம் 100 நிமிடத்தில் முடியும். ஓட்டுவது உங்கள் இஷ்டம். ஆனால் அப்படிப் பார்த்துவிட்டு, "எமோஷன் ஒர்க் ஆகல" என்று சொல்லாதீர்கள். மௌனத்தைத்தானே நீங்கள் வெட்டினீர்கள்?

கதையைச் சொல்லிவிடும் தவறு எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது, சொல்லாமல் சொல்லிவிடுவது. "கடைசி பத்து நிமிஷத்த மட்டும் மிஸ் பண்ணிடாத" என்றாலே போதும், கேட்டவன் முதல் காட்சியிலிருந்து எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவான். பழைய படம்தானே என்ற சலுகையும் கிடையாது. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டே கிடையாது, தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார், சுட்டது யார் என்பதுதான் கதை. எழுபது வருடம் தாண்டிய அந்தப் படத்தைப் போன பொங்கல் விடுமுறையில் என் அக்கா மகன் முதல்முறையாகப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் நகத்தைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். அவன் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டதைப் பார்த்ததில் எனக்குப் படம் இன்னொரு முறை புதிதாக ஓடியது.

உறவினர் கேட்கும்போது கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காமல் பதில் சொல்வது இன்னொரு தவறு. "படம் எப்படி?" என்று அத்தை கேட்டால், பத்தில் ஒன்பது முறை அவர் கேட்பது "உங்க மாமாவோடயும் புள்ளைங்களோடயும் உக்காந்து பார்க்கலாமா?" என்பதைத்தான். அதற்கு "செம மேக்கிங் அத்தை" என்றால் என்ன பயன்? ஓடிடியில் வருவதற்கு சென்சார் சான்றிதழ் கட்டாயமில்லை. 2021 விதிகளின்படி அவர்களே 7+, 13+, 16+ என்று வயது போட்டு, வன்முறையா கெட்ட வார்த்தையா என்று ஓரத்தில் காட்டுகிறார்கள். நாம் பேச்சில் மும்முரமாக இருக்கும்போது அது வந்து மறைந்துவிடும். "நாலஞ்சு எடத்துல கெட்ட வார்த்தை இருக்கு, ஒரு கொலை ரொம்ப ரத்தமா இருக்கும், மத்தபடி ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அத்தை முடிவெடுத்துக்கொள்வார், ரிமோட்டைத் தேடிப் பாயவும் வேண்டாம்.

இதில் நான் செய்த ஒரு தப்பு இன்னும் உறுத்துகிறது. சித்தப்பா போய் மூன்று மாதம்கூட ஆகாத சமயத்தில் சித்திக்கு ஒரு படத்தைச் சொன்னேன். நல்ல நகைச்சுவை, மனசு லேசாகும் என்றுதான் சொன்னேன். படத்தில் பாதிக்கு மேல் கதாநாயகனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடப்பது எனக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு அது நாலு காட்சிதான். சித்தி எதுவும் சொல்லவில்லை. பாதியில் அணைத்துவிட்டதாகத் தம்பி பிற்பாடு சொன்னான்.

பெரியப்பா விஷயத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு மோஷன் செட்டிங்கை அணைத்துவிட்டு, ஜூமையும் எடுத்துவிட்டு, முதலிலிருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து போன் வந்தது.

"முழுசாப் பார்த்துட்டேன்டா. மழை சீன் எல்லாம் பிரமாதம். ஆனா படம் சுமார்தான்."

"ஏன் பெரியப்பா?"

"அவ்வளவு கோவமாப் போன பொண்ணு எதுக்குத் திரும்பி வர்றா? அதைச் சொல்லவே இல்லையே."

இரண்டு முறை பார்த்தும் எனக்கு அது உறைக்கவே இல்லை.