6 வோல்ட் காரை 12 வோல்ட்டுக்கு மாற்றுவது எப்படி? (மீட்டர்களைக் கருக்காமல்)

பேட்டரியும், அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் மாற்றினால் முடிந்தது என்பார்கள். அவை சுலபமான பாதி. மீதி வேலையெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. என் வண்டியில் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எர்த் எந்தப் பக்கம்?
பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறதோ, அதுதான் எர்த். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். அமெரிக்க ஃபோர்டும் 1956 மாடலில்தான் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த்துக்கு வந்தது. இன்று கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களில் பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த்துக்கானவை. அதனால் எர்த்தை மாற்றும்போது சார்ஜைக் காட்டும் அம்மீட்டரின் வயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனை, ஸ்பார்க்கைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். தலைகீழாக இருந்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகி ஏற்றத்தில் திணறும்.

2. வயரிங்கைப் பிடுங்காதீர்கள்
36 வாட் பல்பு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 3 தான். பழைய வயரின் தடிமன் தாராளம். வளைத்துப் பாருங்கள், இன்சுலேஷன் பொடிப்பொடியாக உதிர்ந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ஆல்டர்னேட்டர் வயருக்கு இந்தக் கணக்கு செல்லாது. இறங்கிப்போன பேட்டரிக்கு 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றினால், 30 ஆம்பியர் அம்மீட்டர் வழியாக அத்தனையும் பாயும். பேட்டரிக்குத் தனியாகத் தடித்த கேபிள் இழுத்து, நடுவில் ஃபியூஸ் போடுங்கள். அதன்பின் அம்மீட்டர் சரியான சார்ஜைக் காட்டாது, பக்கத்தில் ஒரு வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளலாம்.

3. காயில்
பிரைமரி (உள்சுற்று) 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயில் வாங்கினால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டர் தேவையில்லை. 1.5 ஓம் காயில் என்றால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் சீக்கிரம் கருகும். என் ஓட்டு முதல் வகைக்கே.

4. ஸ்டார்டர்
பழைய 6 வோல்ட் மோட்டாரே ஓடும், வெறியோடு சுற்றும். சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டை மட்டும் 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். புது மோட்டார் வாங்குவதற்கு முன், ஸ்டார்டர் சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள்: ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 6 வோல்ட் ஃப்ளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130.

5. மீட்டர்கள்
என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களுக்கு ஒரு ரெசிஸ்டர் சொருகினால் போதும் என்பார்கள். டேங்க் மிதவை ஏறி இறங்க மின்னோட்டம் மாறும். அது மாறினால் ரெசிஸ்டர் குறைக்கும் வோல்ட்டும் மாறும். அரை டேங்கில் சரியாக நிற்கும் முள், காலியாகும்போது பொய் சொல்லும்.

தீர்வு, 7806 என்ற மூன்று கால் ரெகுலேட்டர். முதல் கால் உள்ளே, நடுக்கால் எர்த், மூன்றாவதில் 6 வோல்ட் வெளியே. முதலில் மீட்டர்களுக்குப் போகும் வயரைக் கழற்றி, தொடரில் மல்டிமீட்டர் வைத்து ஆம்பியர் பாருங்கள். 0.3 என்றால், 14 வோல்ட்டில் ரெகுலேட்டர் சூடாக வீணாக்குவது 8 × 0.3 = 2.4 வாட். 1 ஆம்பியரை நெருங்கினால் இது தாங்காது. அதன் உலோக முதுகும் எர்த்தோடு சேர்ந்ததே, அதனால் நெகட்டிவ் எர்த் வண்டியில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு நேராக டேஷ்போர்டின் தகரத்திலேயே போல்ட் போடலாம். சூடும் இறங்கும், எர்த்தும் கிடைக்கும். இணைப்புகளைச் சால்டர் செய்யுங்கள், டேப் சுற்றி விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

6. மற்றவை
பல்புகள், இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் ஃப்ளாஷர், ஹாரன் ரிலே எல்லாம் 12 வோல்ட்டில் வாங்குங்கள். ஹீட்டர், வைப்பர் மோட்டாருக்குத் தகுந்த வாட் உள்ள டிராப்பர் (வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். 6 வோல்ட் வால்வு ரேடியோவின் வயரைக் கழற்றி நுனியை மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இண்டிகேட்டர் எரிகிறது, மினுக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். எல்.ஈ.டி. பல்பு போட்டிருப்பீர்கள். பழைய வகை ஃப்ளாஷருக்கு அந்தச் சுமை போதாது, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்குங்கள். சார்ஜ் விளக்கையும் எல்.ஈ.டி.யாக மாற்றியவர்களுக்கு ஆல்டர்னேட்டர் எழுந்திருக்கவில்லையாம். பல ஆல்டர்னேட்டர்களைக் கிளப்பிவிடுவதே அந்த பல்பு வழியாக வரும் மின்னோட்டம்தான். அங்கே மட்டும் பழைய இழை பல்பே இருக்கட்டும்.