சிபியு கூலர் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

பிராசஸருடன் வந்த சின்னக் கூலர் இரைகிறது என்று, கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் டவர் கூலர் தேடுகிறீர்களா? வாட் கணக்கைப் பார்ப்பதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். 120 மி.மீ. விசிறி வைத்த டவர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மி.மீ. உயரம் வரும். உங்கள் கேபினட் எவ்வளவு உயரம் தாங்கும் என்பது அதன் விவரக்குறிப்பிலேயே இருக்கும். நான் அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியை மூட முடியாமல் ஒரு மாதம் திறந்தே போட்டிருந்தேன். தூசிக்குக் கொண்டாட்டம்!

அடுத்தது ரேம். பட்டை உயரமாக இருந்தால் முன்பக்க விசிறி அதில் இடிக்கும். விசிறியைக் கொஞ்சம் மேலேற்றிக் கிளிப் மாட்டலாம்தான். ஆனால் மொத்த உயரமும் கூடிவிடும், மறுபடி அதே மூடிப் பிரச்சினை.

போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டையும் பாருங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் பல, அடுத்து வந்த ஏஎம்5 போர்டிலும் உட்காரும். ஆனால் போர்டின் பின்தகட்டைக் கழற்றச் சொல்லும் கூலர் ஏஎம்5-க்கு ஆகாது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்குக் கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளியே வேறு, அதற்கென உள்ள மாட்டும் கிட் வேண்டும்.

65 வாட் பிராசஸருக்கு நான்கு ஹீட் பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) உள்ள ஒற்றை டவர் தாராளம். அப்புறம், மாட்டும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் மறக்கிறார்கள்.