தள்ளுபடித் துணிக்கடையில் ஜவுளி எடுப்பது எப்படி? முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் தள்ளுபடிப் பலகை தொங்காத துணிக்கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடியில் திருமணம் வைப்பதில்லை என்பதால் கல்யாண ஜவுளி ஓட்டம் நின்றுபோகிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் புதுச் சரக்கு இறங்குவதற்குள் அலமாரிகளைக் காலி செய்தாக வேண்டிய நெருக்கடியும் கடைக்காரருக்கு உண்டு. இந்தத் தள்ளுபடிக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் ‘50%’ என்று எழுதி வைத்திருக்கும் கடைகளும், கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் மட்டும் நடக்கும் மலிவு விற்பனைகளும், ‘எது எடுத்தாலும் 199’ கடைகளும் இப்போது பெருகிவிட்டன. அங்கே துணி எடுப்பது கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தத் துணி ஏன் மலிவாக வந்தது என்று தெரிந்துகொண்டு எடுத்தால் கட்டுப்படியாகும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: மலிவின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

தள்ளுபடிச் சரக்கு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது நான்கு வகைப்படும். முதல் வகை, வழக்கமான ஜவுளிக்கடைகளில் விற்காமல் தங்கிய சரக்கு. துணியில் குறை இருக்காது. நமக்கு வேண்டிய அளவும் நிறமும் மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ எனப்படும் ஏற்றுமதி மிச்சம். திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டருக்குப் பனியன் துணி வெட்டும்போதே, தைக்கும்போது சில சேதமாகும் என்று கணக்கிட்டுக் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். அப்படி மிஞ்சியதும், ஆர்டர் ரத்தாகித் தேங்கியதும் காதர்பேட்டை மொத்தக் கடைகள் போன்றவற்றின் வழியாக மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகின்றன. பெயர் பெற்ற நிறுவனத்தின் லேபிளோடு விற்கக் கூடாது என்பதற்காகக் கழுத்துப்பட்டியில் உள்ள லேபிளின் நடுவே கத்தரியால் ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். சட்டையின் உட்புறத்தில், இடப்பக்கத் தையலோடு சேர்த்துத் தைத்த சிறு நாடா ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். நூல் கலவையையும் துவைக்கும் முறையையும் நான்கைந்து மொழிகளில் அச்சிட்ட அந்த நாடா இருந்தால், அது வெளிநாட்டுக்கென்று தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வகை ‘செகண்ட்ஸ்’, அதாவது தரப் பரிசோதனையில் கழித்துக் கட்டியவை. நான்காவது வகைதான் ஏமாற்றுவது: தள்ளுபடியில் விற்பதற்கென்றே மட்டமான துணியில் தைத்து, 1,499 ரூபாய் என்று அட்டை கட்டி, 499 ரூபாய்க்கு விற்கும் சரக்கு. 1,499 ரூபாய்க்கு அது எங்கும் விற்றதே இல்லை.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரே மாடல் எல்லா அளவிலும் எல்லா நிறத்திலும் அடுக்கடுக்காக இருந்தால் அதை மிச்சச் சரக்கு என்று நம்பாதீர்கள். மிஞ்சுவது எப்போதும் அரைகுறையாகத்தான் மிஞ்சும். கடைக்காரரிடம் நேராகக் கேட்பதிலும் தவறில்லை. “அண்ணாச்சி, இது சர்ப்ளஸா, செகண்ட்ஸா?” என்று கேட்டால், செகண்ட்ஸ் விற்பவர் பெரும்பாலும் மறைக்க மாட்டார். “லேசா டேமேஜ் இருக்கும்க்கா, பாத்து எடுத்துக்கிடுங்க” என்று அவரே சொல்லிவிடுவார்.

படி 2: வீட்டிலேயே அளவெடுத்துக்கொள்ளுங்கள்

ஏற்றுமதிக்குத் தைத்த ‘எம்’ நம் ஊர் ‘எல்’ அளவுக்கு இருக்கலாம். நான்காம் வகைச் சரக்கில் ‘எக்ஸ்எல்’ என்று எழுதியிருப்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் பற்றாமல் போகலாம். பல மலிவுக் கடைகளில் போட்டுப் பார்க்க அறையும் இருக்காது. ஆகவே நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அகலம், தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை நீளம், தோள்பட்டை, கைநீளம் ஆகியவற்றை இஞ்சு டேப்பால் அளந்து கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கும் அந்த டேப்பை எடுத்துச் சென்று, எடுக்கும் துணியையும் இதேபோல் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தையற்கடை வைத்திருந்த என் அத்தை, ஜவுளி எடுக்கப் போகும்போது சுருக்குப்பையில் வெற்றிலையோடு இஞ்சு டேப்பையும் வைத்திருப்பார். சிறு வயதில் அதைக் கண்டு கூச்சப்பட்ட நான் இப்போது அதையே செய்கிறேன்.

என்னென்ன எடுக்க வேண்டும் என்ற பட்டியலையும் வீட்டிலேயே எழுதிவிடுங்கள். பட்டியலில் இல்லாத துணியை மலிவு என்பதற்காக எடுத்தால் அந்தப் பணம் முழுவதும் கூடுதல் செலவுதான்.

படி 3: விழுக்காட்டை ரூபாயாக மாற்றிக் கணக்கிடுங்கள்

‘50% + 40%’ என்று எழுதியிருந்தால் 90% குறைகிறது என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். 1,000 ரூபாய்ச் சட்டை முதலில் 500 ஆகிறது. அந்த 500இல்தான் 40% குறைந்து 300 ஆகிறது. ஆக, மொத்தத் தள்ளுபடி 70%. ‘இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்’ என்பது ஏறத்தாழ 33%. அதுவும் மூன்று உருப்படிகள் நமக்குத் தேவைப்பட்டால் மட்டுமே. ‘60% வரை’ என்ற பலகையில் ‘வரை’ என்ற சொல்லைக் கடுகளவு எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த அறுபது, கடையின் மூலையில் கிடக்கும் ஒரு கூடைச் சரக்குக்கு உரியதாக இருக்கும்.

அட்டையில் அடித்து எழுதிய பழைய விலையை நான் பார்ப்பதே இல்லை. இதே தரத்துத் துணி தள்ளுபடி இல்லாத கடையில் என்ன விலை என்பதைத்தான் ஒப்பிடுகிறேன். அதற்கு, முதல்நாள் மாலையில் டவுனில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கினால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எட்டு முறை உடுத்தியதும் வெளுத்துப்போகும் 250 ரூபாய்ச் சட்டை, ஒரு முறைக்கு 31 ரூபாய்க்குமேல் தின்கிறது. அறுபது முறை உழைக்கும் 700 ரூபாய்ச் சட்டைக்கு அது 12 ரூபாய்கூட ஆவதில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ குடும்பத்தோடு புறப்பட்டு வருபவர்கள் பேருந்துக் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சட்டைக்கு நூறு ரூபாய் மிச்சம் என்றால், இரண்டு சட்டை மட்டும் எடுக்க அவ்வளவு தூரம் வருவது வீண்.

படி 4: வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் மண்டப விற்பனை ஒன்றில் என் கணவருக்கு நீலச் சட்டை இரண்டு எடுத்தேன். உள்ளே விளக்கொளியில் அவை பளிச்சென்று இருந்தன. பேருந்து நிறுத்தத்துக்கு வந்து வெயிலில் பையைத் திறந்து பார்த்தால், ஒரு சட்டையின் வலக்கை மட்டும் ஒரு சாயல் வெளிறியிருந்தது. வேறு வேறு சாயத் தொட்டியில் நனைந்த துணிகளை ஒன்றாகத் தைத்துவிட்டால் இப்படி ஆகும். செகண்ட்ஸில் கழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று பிறகு அத்தைதான் சொன்னார். இரண்டு நாள் கழித்து மாற்றப் போனபோது மண்டபத்தில் யாரோ வீட்டு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்தத் துணியையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் நான் பில் போடச் சொல்வதில்லை.

வாசலில் நின்று செய்ய வேண்டியவை இவை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நெசவின் நெருக்கமும் ஓட்டையும் தெரியும். பனியன் துணியில் ஊசி பட்ட சிறு ஓட்டை இருந்தால் விட்டுவிடுங்கள். துவைக்கத் துவைக்க அது ஏணிபோல் கீழிறங்கும். தையல் இயந்திரத்தின் எண்ணெய்க் கறை மட்டும்தான் குறை என்றால் தயங்காமல் எடுக்கலாம். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைத் தடவி ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து டி-சட்டையை இரு தோள்களிலும் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் வளைந்து வந்தால், முதல் துவையலுக்குப் பிறகு அது இன்னும் திருகிக்கொள்ளும். பக்கத் தையலை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தையலுக்கு இடையில் பல் இளித்தால் தையல் நெருக்கம் போதாது என்று பொருள்.

சாயச் சோதனைக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டை வேண்டும். அதன் முனையைத் தண்ணீரில் நனைத்து, துணியின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தித் தேயுங்கள். அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்று நிறங்களுக்கும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கைக்குட்டையில் இலேசான சாயல் ஏறினால் தனியாகத் துவைத்துச் சமாளிக்கலாம். அழுத்தமாகவே ஏறிவிட்டால், நம் ஊர் வெயிலில் வியர்த்த அன்றைக்கே அது உள்பனியனில் இறங்கிவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

சேலைக்கும் வேட்டிக்கும் நீளத்தைப் பாருங்கள். சேலை பன்னிரண்டு முழம், அதாவது சுமார் ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டும்; ரவிக்கைத் துணி இதற்கு மேல் எழுபத்தைந்து அல்லது எண்பது சென்டிமீட்டர். மலிவுச் சேலைகளில் ரவிக்கைத் துணியை வெட்டிய பின் ஐந்து மீட்டர்தான் மிஞ்சுகிறது என்ற கதை அடிக்கடி நடக்கிறது. விரித்து அளக்கச் சங்கடப்பட வேண்டாம். சாரமும் (கைலி) அப்படித்தான், இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் நடக்கும்போது விலகும்.

படி 5: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டில் உடுத்தும் டி-சட்டை, நைட்டி, சாரம், வளரும் குழந்தைகளின் உடை, தலையணை உறை, படுக்கை விரிப்பு ஆகியவற்றுக்குத் தள்ளுபடிக் கடையே போதும். ஆறு மாதத்தில் சிறிதாகப் போகும் சட்டைக்கு ஆயுள் பார்க்க வேண்டியதில்லை. பள்ளிச் சீருடை, அலுவலகச் சட்டை, பட்டு ஆகியவற்றை நான் அங்கே எடுப்பதில்லை. கைத்தறிச் சேலை வேண்டுமென்றால் தள்ளுபடிக் கடையைவிடக் கோ-ஆப்டெக்ஸ் நல்லது. 1935இல் தொடங்கிய அந்தக் கூட்டுறவு நிறுவனம் தீபாவளியை ஒட்டி வழக்கமாக 30% தள்ளுபடி கொடுக்கிறது. நம் மாவட்டத்து வீரவநல்லூரின் செடிபுட்டா சேலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெயரைச் சொல்லி விசைத்தறிச் சேலையை 399 ரூபாய்க்கு யாரேனும் நீட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

படி 6: பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

அட்டையில் உள்ள அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உள்ளடங்கியது. அதில் தள்ளுபடி கழித்த பிறகு ‘ஜிஎஸ்டி தனி’ என்று மேலும் ஏற்றினால் கேள்வி கேளுங்கள். தள்ளுபடி விலையின்மேல் தனியாக வரி வசூலிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2,500 ரூபாய்க்கு மிகாத ஆடைகளுக்கு வரி 5%தான். அதற்கு மேற்பட்டால் 18%. நாம் பேசும் கடைகளில் ஏறக்குறைய எல்லாமே 5%க்குள் அடங்கிவிடும். ஆகவே பில்லில் அதைவிடக் கூடுதலாக ஏதேனும் தெரிந்தால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தருவது கடைக்காரரின் விருப்பம். ஆனால் குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. செகண்ட்ஸ் என்று சொல்லி, குறையைக் காட்டி விற்றதற்கு மட்டும் இந்த வாதம் எடுபடாது. புகார் சொல்ல 1915 என்ற எண்ணை அழைக்கலாம். இவற்றுக்கெல்லாம் பில் வேண்டும். ஆகவே துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்டுக் கொடுக்கும் கடையில் பெரிய தொகைக்கு எடுக்காதீர்கள். மண்டப விற்பனையில் பில்லே கொடுத்தாலும், அதில் நிலையான முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

அட்டையைக் கிழிப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். உள்தையலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியின் இழை ஒன்றைப் பிரித்தெடுத்து, அடுப்படித் தொட்டியின் மேலே இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். தைத்த நூல் மட்டும் பாலியஸ்டராக இருப்பது வழக்கம் என்பதால், துணியின் இழையைத்தான் சோதிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி வாளியில், சோப்பில்லாமல், அரைமணி நேரம் ஊறவையுங்கள். குற்றாலச் சாரல் நம் பக்கம் வரை வந்து வீசும் ஆடி நாள்களில் கொடியில் துணி காய நெடுநேரம் ஆகும். சாயம் போகும் துணிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டுவிடாதீர்கள். காய்ந்ததும் அதே இஞ்சு டேப்பால் அளந்து, கடையில் குறித்த அளவோடு ஒப்பிடுங்கள். இருபத்தெட்டு அங்குலச் சட்டையில் ஓர் அங்குலம் குறைந்தால் பருத்திக்கு அது இயல்பு. இரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் பில்லையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போங்கள்.