சிறிய பெட்டி, நீண்ட கம்பைல்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மினி கணினி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது ப்ராசஸரின் உச்ச வேகத்தை. 5 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்த வேகம் சிறிது நேரத்துக்குத்தான். லினக்ஸ் கெர்னலையோ, எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பையோ கம்பைல் செய்யும்போது, அதாவது மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது, ப்ராசஸரின் கோர்கள் எனும் கணக்கிடும் பகுதிகள் எல்லாமே பல நிமிடம் மூச்சுவிடாமல் உழைக்கின்றன. சூடு ஏறியதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, இந்தப் பெட்டி எத்தனை வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றும் என்று பாருங்கள். ஏசி அறையில் எடுத்த அளவை நம்பி மே மாதத்து மொட்டைமாடி அறையில் வைத்தால், அறையின் கூடுதல் சூடு ஏறத்தாழ அப்படியே சில்லின் மேல் ஏறும்.

பெரிய ப்ராசஸர் என்றாலே இரைச்சல் என்று ஒதுக்குவதும் தவறு. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸர் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) 65 வாட் ஈகோ முறைக்கு மாற்றினால் அது 88 வாட்டில் நிற்கும்; 65 என்பது வகையின் பெயர், 88 தான் உண்மையில் இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு. வேகமோ அந்த விகிதத்தில் விழுவதில்லை. 12 கோர் கொண்ட ரைசன் 9 7900 கடையிலிருந்தே 65 வாட் வகையாகத்தான் வருகிறது.

சின்னஞ்சிறு ஃபேன் அதே காற்றைத் தள்ள வெறிபிடித்துச் சுற்ற வேண்டும். இரவில் கொசு ரீங்காரம்தான். பெட்டி சற்றே பெரிதானாலும் 120 மிமீ ஃபேன் நுழையட்டும்.

ராமில் கஞ்சத்தனம் கூடாது. சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யவே 1 முதல் 2 ஜிபி போகலாம். 12 கோரில் கோருக்கு இரண்டாக 24 வேலைகள் ஒன்றாக ஓடும்போது 16 ஜிபி எம்மாத்திரம்? 64 ஜிபி போட்டால் நிம்மதி. போர்டிலேயே ராமைப் பற்றவைத்த மாடல்களில் பிறகு கூட்டவும் முடியாது.

கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டும் பணம் கம்பைலுக்கு உதவாது. இன்டெலில் 'எஃப்' என முடியும் மாடல்களில் மட்டும் கவனம்: உள்கட்டமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அதிவேகச் சேமிப்பகமான ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டியும் கம்பைலுக்குக் கொடுப்பது பெரும்பாலும் சூடுதான்.

நான் தாமதமாகக் கற்றது லிங்கரைப் பற்றி; கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி அது. ஒரே கோப்பைத் திருத்திவிட்டு மீண்டும் கம்பைல் செய்யும்போது, பழைய லிங்கர் ஒற்றைக் கோரில் மாடாய் உழைக்க, மற்றவை வேடிக்கை பார்க்கும். வேகமான மோல்டு லிங்கரும், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் சிகேஷும் இலவசம். பழைய கணினியிலேயே அவற்றை நிறுவி ஒரு வாரம் வேலை செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.